பெல்ட்டில் விட்ட இடம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து, எழுதாமல் விட்டே பல வருசம் போய்விட்டது. விளக்கு வைத்துச் சாமி கும்பிட்டு முடித்ததும் பேனாவை எடுப்பேன். என்னோடு வேலை பார்த்த அந்த அக்காவின் பேரில் இல்லாத ஒன்றை ஏற்றிவிடுவேனோ, இருந்த ஒன்றை விட்டுவிடுவேனோ என்று பயம் வந்துவிடும். மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இதில் சொல் பிழை வரக் கூடாது. ஆத்தா மாரியம்மன் துணை இருந்து முடித்துத் தரட்டும்.

அந்த அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. கேட்டிருந்தால் அவரே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பிரிண்டிங் பட்டறை. பனியன் சட்டைகளின் நெஞ்சில் படம் அச்சடிக்கிற இடம். மேஜையில் ஆண்கள் அச்சடிப்பார்கள். ஈரம் காயாத பீஸை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கியூரிங் மிஷினில் வேகவைக்க வேண்டும். மிஷின் என்றால் நீளமான இரும்புப் பெட்டி. உள்ளே நெருப்புச் சூடு. ஒரு பக்கம் வாய், மறுபக்கம் வால். நடுவில் வலைப் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அக்கா வாயில் நின்று பீஸைப் பெல்ட்டில் விரிப்பார். வாலில் நின்று, வெந்து வருவதை எடுத்து அடுக்குவது என் வேலை.

நடுவில் இரும்புப் பெட்டி மறைப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மிஷின் இரைச்சலில் பேச்சும் கேட்காது. ஆனாலும் அந்தப் பக்கம் அக்கா என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும். பீஸ்தான் சொல்லும். ஒரு பீஸுக்கும் அடுத்த பீஸுக்கும் ஒரு சாண் இடம் விடுவார். கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி வரும். கோணலாக வந்தால் யாரோ வந்து அவரிடம் பேசுகிறார்கள். நெருக்கி வந்தால் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கிறார். அப்படி நான் படித்துக்கொண்டேன்.

அக்காவுக்குச் சொந்த ஊர் கொமரலிங்கம். கிறிஸ்தவக் குடும்பம். புருசன் காலமாகி, பிள்ளையும் இல்லாமல், பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒற்றை ரூமில் குடியிருந்தார். என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவர். நான் செவ்வாய்க்கிழமை கோயில் திருநீறு கொண்டு போனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். "எனக்குஞ் சேத்திக் கும்புட்டீங்களா கண்ணு?" என்று கேட்பார். ஆமாம் என்றால், "அப்ப அது போதுமுங்க. நீங்களே பூசிக்கோங்க" என்று சிரிப்பார்.

அவரிடம் ஒரு குணம். தெரிந்ததைத்தான் சொல்வார். தெரியாததை, கழுத்தைப் பிடித்தாலும் சொல்ல மாட்டார். கேட்பதற்கு இது சின்ன விசயம். கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

ஒரு தடவை, எங்களோடு செக்கிங்கில் இருந்த பெண்ணைப் பற்றி விசாரிக்க மாப்பிள்ளை வீட்டார் பட்டறை வாசலுக்கே வந்துவிட்டார்கள். "பொண்ணு எப்படிங்க, நல்ல கொணமுங்களா?" என்று அக்காவைப் பிடித்துக் கேட்டார்கள். "காலைல வந்ததுலருந்து பொழுதோட போறவரைக்கும் நல்ல பொண்ணுங்க. மிச்ச நேரம் நான் பாக்கலீங்க" என்றார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே வந்து, "ஏனக்கா, நல்ல பொண்ணுன்னு ஒரே வார்த்தைல முடிச்சா வாய் வலிக்குமா?" என்று சண்டைக்கு நின்றது. "நான் நல்லதுதான் சொன்னேன் அம்மிணி. பாத்த வரைக்கும் சொன்னேன்" என்றார் அக்கா. எப்படியோ அந்தக் கல்யாணம் நடந்தது. விருந்தில் சாப்பாடு எப்படி என்று மாப்பிள்ளையின் அப்பா வேண்டுமென்றே அக்காவிடம் வந்து கேட்டார். "ரசத்துல உப்பு கம்மிங்க" என்றார் அக்கா. அவரே சிரித்துவிட்டார்.

முதலில் தண்ணீரில் குழைத்த மையில்தான் அச்சடித்துக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகள் பிறந்த பிறகு பிளாஸ்டிசால் வந்தது. பிளாஸ்டிக் பொடியை ஏதோ எண்ணெயில் குழைத்த மை. துணியின் மேல் ரப்பர் மாதிரி பளபளவென்று நிற்கும். வெளிநாட்டுக்காரர்கள் அதைத்தான் கேட்டார்கள். அதை வேகவைக்கும்போது ஒரு வாசம் வரும். இனிப்பாகவும் இருக்கும், குமட்டவும் செய்யும். வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றினாலும் முடியை விட்டுப் போகாது.

அந்த மை சீக்கிரம் காயாது. பக்கத்து ஷெட்டில் பனியன் துணி ஓட்டுகிற மிஷின்கள். அங்கிருந்து பறந்து வரும் பஞ்சு ஈர அச்சில் ஒட்டினால் பீஸ் ரிஜெக்ட். அதனால் முதலாளி ஜன்னல்களையெல்லாம் அடைத்து, அதன் மேல் தடித்த பாலிதீன் தாளை அடித்துவிட்டார். புகை தள்ளுகிற ஃபேனையும் நிறுத்திவிட்டார்கள், அது எங்கிருந்தோ பஞ்சை இழுக்கிறது என்று. பஞ்சு நின்றது. வாசம் உள்ளேயே நின்றது. அது தப்பு என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பஞ்சு வரவில்லை என்று சந்தோசப்பட்டோம்.

அதற்குப் பிறகுதான் ஒரு நாள் பெல்ட்டில் ஓர் ஓட்டை வந்தது. பீஸ், பீஸ், பீஸ், வெறும் வலை. மறுபடி பீஸ்.

இடைவேளையில் என்ன அக்கா என்று கேட்டேன். நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். "படி எறங்கறப்ப இன்னொரு படி இருக்குதுன்னு காலை வெச்சு, இல்லாமப் போனா ஒடம்பு பகீர்னு ஆகுமல்லங்க கண்ணு? அந்த மாதிரிங்க. ஒரு துடி வரோணும், வரலீங்க. வாரவரைக்கும் நின்னேன்."

வாரம் போகப் போக ஓட்டைகள் கூடின. சூப்பர்வைசர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். வாய் கொஞ்சம் நீளம். "என்னத்தா, பெல்ட்டுல பல்லு விழுந்த மாதிரி வருது? தூங்குறீகளா?" என்பார். அக்கா, "நெஞ்சு ஒரு துடி தப்புச்சுங்க. நின்னேனுங்க" என்று உள்ளபடி சொல்வார். "தப்புனா என்ன, அடுத்த துடிப்புல ஏறிக்கிற வேண்டியதுதான? டவுன் பஸ்ஸு மாதிரித்தான அது?" என்று அவர் சொல்ல, மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள். அக்காவுக்குப் 'பிரேக் அக்கா' என்று பேர் விழுந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டை வரும்போது, வெந்து வந்த பீஸில் ஒன்றை எடுத்து அந்த வெற்றிடத்தில் போட்டு, சூப்பர்வைசர் கண்ணுக்கு நிரவலாகத் தெரியும்படி செய்ய ஆரம்பித்தேன். எப்படியோ அக்கா கண்டுபிடித்துவிட்டார். கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "நிரவாதீங்க கண்ணு. நான் நின்னது நின்னதாவே தெரியட்டுமுங்க. நீங்க அதை மூடுனா, நாளைக்கு நான் நெசமாலுமே உழுந்தாக்கூட யாருக்குங்க தெரியும்?"

அதன்பின் நான் நிரவவில்லை. ஆனால் வேலை நேரம் முழுக்கக் கண் பெல்ட்டிலேயே இருக்கும். வெறும் வலை தெரிந்தால் என் நெஞ்சும் நின்றுவிடும். அடுத்த பீஸ் தலை காட்டியதும், "ஆத்தா, தாயே" என்று மூச்சு விடுவேன்.

பட்டறையில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வாயு என்றார்கள். புருசன் போன கவலை என்றார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். எனக்கு மட்டும் அந்த வாசத்தின் மேல் சந்தேகம். "மையாலதானக்கா?" என்பேன். "மிஷின் வாய்ல நிக்கறப்ப வருதுங்க. ஞாயித்துக்கெழம ரூம்புல இருக்கறப்ப அவ்வளவா வாரதில்லீங்க. அது வரைக்குந்தான் எனக்குத் தெரியும்" என்பார். வேறு வேலைக்குப் போய்விடலாமே என்றால், "இந்தக் கைக்கு வேற எது தெரியுங்க?" என்பார்.

ஐப்பசி மாதம். தீபாவளிக்கு முன்னால் ஷிப்மென்ட் போயாக வேண்டும். வெளியே மழை. கதவையும் சாத்திவிட்டார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் வெறும் வலை வந்தது. அடுத்த பீஸுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். வலைதான் வந்தது. இன்னும் வலைதான். இவ்வளவு நீளத்துக்கு அக்கா இடம் விட்டதே இல்லை. வெறும் பெல்ட் ஓடி ஓடி என் முன்னால் மடங்கிக் கீழே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. பெட்டிக்குள் நுழைந்த பீஸ் வெந்து என்னிடம் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நான் இப்போது பார்க்கிற ஓட்டை, அங்கே எப்போதோ விழுந்தது.

ஓடினேன். மேஜைக்காரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு மும்முரமாக அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். மிஷின் வாய்க்குக் கீழே அக்கா மடங்கிக் கிடந்தார். கையில் ஒரு பீஸை, படம் அழியாமல் மேலே பார்க்கும்படி பிடித்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் போட்ட கூச்சலில் சூப்பர்வைசர்தான் முதலில் ஓடி வந்தார். "ஆத்தா, ஆத்தா, கண்ணத் தொறங்கத்தா" என்று அழுதபடி அக்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு மழையில் வேனுக்கு ஓடியதும் அவர்தான். கேலி பேசிய அதே மனுசன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

வேனிலேயே கண் திறந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் அந்த நீளக் காகிதத்தை விரித்துக் காட்டினார். இதயம் தனக்குத்தானே ஒரு கரண்ட் உண்டாக்கிக்கொள்ளுமாம். அது ஓடுவதுதான் இந்தக் கோடு என்றார். மேடு, மேடு, மேடு, பிறகு ஒன்றுமில்லாமல் வெறும் கோடு. மறுபடி மேடு. இத்தனை மாதமாகப் பெல்ட்டில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அதே மாதிரிதான் இருந்தது.

"மை வேகற வாசத்தால இருக்குமுங்களா?" என்று அக்கா கேட்டார். டாக்டர் சின்ன வயசு. யோசித்துவிட்டு, "இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியலை. கொஞ்ச நாள் அந்த இடத்தை விட்டுத் தள்ளி இருந்து பாருங்க" என்றார். அவர் போனதும் அக்கா என்னிடம், "நல்ல டாக்டருங்க கண்ணு. தெரியலைங்கறாரு பாருங்க" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அக்காவின் தம்பியும் முதலாளியும் ஒரே நாளில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

முதலாளி கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். "அம்மிணி, மை வாசத்துல ஆளு செத்துப்போச்சுன்னே ஊருக்குள்ள பேசறாங்க. வேலைக்கு வரவே பயப்படறாங்க. நம்ம மையால இல்லீங்கன்னு நீங்க நாலு பேருக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. உக்காந்து பாக்கற வேலையாப் போட்டுத் தாரேன். கடைசி வரைக்கும் வெச்சுக் காப்பாத்தறேன்."

தம்பிக்குக் கண் சிவந்துவிட்டது. "அக்கா, மையாலதான்னு சொல்லு. சொன்னீன்னா இவங்களை நான் கோர்ட்டுல நிறுத்தறேன். சொல்லலீன்னா எனக்கும் உனக்கும் ஒண்ணுமில்ல."

இரண்டு பேரும் அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்காவின் கை நெஞ்சுக்குப் போனது. எனக்குப் பதறியது. ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் என்ன, ஒரு பக்கமாவது துணை கிடைக்குமே என்று மனசுக்குள் கெஞ்சினேன். அக்கா நிதானமாகச் சொன்னார்: "எனக்குத் தெரியலீங்க. அந்த வாய்ல நின்னா வருது. மையாலதான்னு எப்படிங்க சொல்றது? மையால இல்லீன்னுதான் எப்படிங்க சொல்றது? தெரியோணும்னா ஜன்னலைத் தொறங்க. பஞ்சுக்கு மெல்லுசுத் துணியைக் கட்டிக்கலாமுங்க."

தம்பி விருட்டென்று வெளியே போய்விட்டார். முதலாளி, "துணி கட்டலாமுங்க" என்று மட்டும் சொன்னார். உட்கார்ந்து பார்க்கிற வேலை பற்றிப் பிறகு அவர் பேசவில்லை.

பாலிதீனைக் கிழித்துவிட்டு ஜன்னலுக்குத் துணி கட்டினார்கள். ஃபேனும் ஓடியது. அக்காவும் வேலைக்குத் திரும்பி வந்தார். ஆனால் மிஷின் வாயில் யார் நிற்பது? அக்காவை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. நான் நிற்கிறேன் என்றேன். வீட்டில் என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "ரெண்டு புள்ளைங்களை வெச்சுட்டு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார். ஆத்தாளுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டுப் போய் நின்றேன்.

இப்போது வாலில் அக்கா. முதல் நாள் முழுக்க என் நெஞ்சைத் தவிர வேறெதுவும் எனக்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு துடிப்பும் படியிறங்குகிற மாதிரிதான். அடுத்த படி இருக்குமா, இருக்குமா என்று. ஒரு பீஸை நேராக்கச் சற்றே தாமதித்தாலும் அக்கா பெட்டியைச் சுற்றிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வருவார். "வந்துச்சுங்களா கண்ணு?" "இல்லீங்கக்கா, கோணலாப் போச்சு, சரி பண்ணுனேன்." நெஞ்சைப் பிடித்தபடி திரும்பிப் போவார்.

எனக்கு வரவில்லை. ஆடிக் காற்றில் பஞ்சு அதிகம் என்று மறுபடி ஜன்னலை அடைத்தார்கள். அப்போதும் எனக்கு வரவில்லை. அதே வாய், அதே வாசம். தலைவலி வரும், வாந்தி வருகிற மாதிரி இருக்கும். நெஞ்சு ஒரு துடிப்பும் தப்பவில்லை. அக்காவுக்கோ வாலில் நின்றபோதும் எப்போதாவது வந்தது. முன்னைவிடக் குறைவு.

"பாத்தீங்களா, மைல ஒண்ணுமில்ல. இந்தம்மா நின்னு காட்டிட்டாங்கல்ல" என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, எனக்கு வராமல் போனதே அக்காவுக்குச் செய்த துரோகம் மாதிரி. ஒரு நாள் அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். அக்கா என் கன்னத்தைத் தொட்டார். "நீங்க நல்லா இருக்கறதுக்கு நான் சாமியைத்தான் கும்புட்டுட்டு இருந்தேன். எனக்கு வந்துச்சுங்கறதையும் சொல்லோணும். உங்களுக்கு வரலீங்கறதையும் சொல்லோணும். ஒண்ணை உட்டுட்டு ஒண்ணைச் சொன்னா அது பொய்யுங்க கண்ணு."

அடுத்த வருசம் அவர் கொமரலிங்கத்துக்கே போய்விட்டார். வயல் வேலை. நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். நடவு வயலில் இருந்து சேற்றுக் காலோடு வந்தார். இங்கே நெஞ்சு துடி தப்புவதே அபூர்வம் என்றார். "அப்ப மையாலதானக்கா!" என்று துள்ளினேன். "இங்க காத்து வேற, தண்ணி வேற, தூக்கம் வேறங்க. எதுனாலன்னு எதை வெச்சுச் சொல்றது?" என்று சிரித்தார்.

சில வருசம் கழித்து, களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருக்கும்போதே அக்கா சாய்ந்து இறந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னது. போனேன். பந்தலில் அவர் தம்பி மாரில் அடித்துக்கொண்டு, "பிரிண்டிங் மை தின்னுபோட்டுது என்ற அக்காளை" என்று அழுதார். முதலாளி வீட்டிலிருந்து வந்தவர்கள், "வேலையை உட்டு வருசமாச்சு, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்கள். இரண்டு பக்கமும் என்னைப் பிடித்தது. "நீங்கதான கூட நின்னவங்க, சொல்லுங்க." நான் ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். அக்காவுக்கு வந்ததைச் சொன்னபோது முதலாளி வீட்டார் எழுந்து போனார்கள். எனக்கு வரவில்லை என்று சொன்னபோது தம்பி பக்கத்தார் எழுந்து போனார்கள். முடிக்கும்போது என் எதிரில் காலி நாற்காலிதான் இருந்தது.

அன்றைக்கு மூடிய வாயை இப்போது திறக்க ஒரு காரணம் உண்டு. இந்தத் தை மாதம் கல்யாண மண்டபத்தில் நடந்த இருதய முகாமில் ஒரு டாக்டரம்மா பேசினார். பிளாஸ்டிக்கை இளக்கமாக்கச் சேர்க்கிற எண்ணெய்களும் வேறு சில ரசாயனங்களும் இதயத்தில் கரண்ட் ஓடுவதைக் கெடுக்கலாம், துடிப்பைத் தடுமாற வைக்கலாம் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். சோதனைச்சாலையில் அப்படித் தெரிகிறதாம். மனுசர்களுக்கு எவ்வளவு, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று இன்னும் நிச்சயமாகச் சொல்ல முடியாதாம். "தெரியாது" என்று அவர் மைக்கில் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள், எனக்குத்தான் நெஞ்சுவலி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

இதைப் படிக்கிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் மிஷின் வாயில் நிற்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். அக்கா விழுந்ததையும் சொல்லுங்கள், நான் விழாததையும் சொல்லுங்கள். தெரியாது என்று நான் விட்டிருக்கிற இடத்தில், வேறு எதையாவது எடுத்துப் போட்டு நிரவிவிடாதீர்கள். அந்த இடத்தில்தான் அக்கா நிற்கிறார்.